தூரத்தைத் தள்ளிப்போடுதல்

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நெருங்கும்போதும், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிற காலத்திலும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் மருந்துக் கடைகளில் பெண்கள் பெயர் சொல்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்று உண்டு. "தள்ளிப்போடுற மாத்திரை" என்பார்கள். கடையில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தால் அதையும் சொல்லமாட்டார்கள். சற்று ஒதுங்கி நின்று கூட்டம் கலையும்வரை காத்திருப்பார்கள். கடைக்காரர் மருத்துவர் சீட்டு எதையும் கேட்பதில்லை. எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டு, அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். சின்னமனூரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "திருவிழா மாசம்னா முன்னாடியே ரெண்டு பெட்டி சேத்து வாங்கி வச்சிருவேன் டீச்சர்" என்றார். அவருக்கு அதில் கூச்சம் ஏதுமில்லை. கூச்சமெல்லாம் வாங்குகிறவர்களுக்குத்தான்.

மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன். ஐந்து மில்லிகிராம். வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி நாளொன்றுக்கு மூன்று வேளை. விசேஷம் முடிந்து நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். 'வந்துவிடும்' என்றுதான் எனக்கும் எழுத வருகிறது, பாருங்கள். எது வரும் என்று எழுதாமலே வாசிப்பவருக்குப் புரிந்தும் விடுகிறது.

இதைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. தூரம், விலக்கு, ஒதுக்கம், முட்டு, தீட்டு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கூர்ந்து பார்த்தால் இவற்றில் எதுவும் உடலைப் பற்றிய சொல் அல்ல. தூரமும் விலக்கும் ஒதுக்கமும் அவள் எங்கே இருக்கவேண்டும் என்பதைச் சொல்கின்றன. முட்டு தடையைச் சொல்கிறது. தீட்டு அவளைத் தீண்டக்கூடாத மற்றவர்களைச் சொல்கிறது. போடி மலைக்கு மேலே முதுவர் குடிகளில் பெண்கள் அந்த நாட்களில் தங்கும் குடிலுக்கு வாலாய்மைப்புரை என்று பெயர். வால் என்றால் வெண்மை, தூய்மை. வள்ளுவர் இறைவனை வாலறிவன் என்றது இந்தச் சொல்லால்தான். வாலாமை அதன் மறுப்பு. பாடநூல்களில் மட்டும் புழங்கும் 'மாதவிடாய்' ஒன்றுதான் இந்த வரிசையில் சேராமல் தனியே நிற்கிறது. விடாய் என்றால் களைப்பு, தாகம். மாதந்தோறும் வருகிற களைப்பு. இதை ஆக்கியவர் யாரென்று தெரியாது. ஆனால் அனுபவிப்பவளின் பக்கமிருந்து பேசுகிற சொல் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் குனிந்துகொள்வார்கள், மாணவர்கள் சன்னலைப் பார்ப்பார்கள். சொற்பிறப்பியல் வகுப்பில் அவ்வளவு அமைதி வேறு எந்தச் சொல்லுக்கும் கிடைத்ததில்லை.

இலக்கியம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: பழந்தமிழில் இந்த விலக்கு இருந்ததா? இருந்தது. புறநானூற்று 299ஆம் பாட்டில் பொன்முடியார், போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒடுங்கி நிற்கும் மகளிரை உவமை சொல்கிறார். அந்த உவமை எனக்கு எப்போதும் சிறிது வலிக்கும். பாடியவர் பெண் என்பதால் கூடுதலாக. ஆனால் தொல்காப்பியக் கற்பியல் வேறொரு கணக்கைச் சொல்கிறது. பரத்தையிடம் பிரிந்துபோன தலைவனாயினும், மனைவியின் பூப்புத் தொடங்கிய பன்னிரண்டு நாட்கள் அவளை விட்டு அகன்று உறையலாகாது என்பது அங்கே விதி. அதற்கு உரையாசிரியர்கள் கூறும் காரணம் கருவாய்ப்பு. பின்வந்த அகப்பொருள் மரபில் இந்தச் செய்தியைத் தலைவனுக்குத் தெரிவிக்கச் சிவந்த ஆடையும் பூவும் அணிந்த சேடியை அனுப்புவார்கள். செவ்வணி என்று அதற்குத் துறைப்பெயரே உண்டு. தெரு முழுக்கப் பார்க்க ஒரு பெண் சிவப்பணிந்து நடந்து போவாளாம், இன்னொருத்திக்கு வந்திருக்கிறது என்று சொல்ல! இன்றைக்குக் கறுப்புப் பையில் சுற்றித் தருகிறார்கள். பழங்காலத்தைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணவன் பரத்தை வீட்டில் இருக்கிறான், பிள்ளை பெறும் நாள் வந்ததும் அழைக்கப்படுகிறான். இதில் பெண் கொண்டாட என்ன இருக்கிறது? ஆயினும் ஒரே இரத்தத்துக்கு ஒரு நூல் 'நெருங்கு' என்றும் இன்னொரு பாட்டு 'விலகு' என்றும் பொருள் கொண்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது வகுப்பறையிலோ மருத்துவமனையிலோ அல்ல, திராட்சைத் தோட்டத்தில். நாங்கள் ஓடைப்பட்டிக்காரர்கள். விதையில்லாத் திராட்சை. காய் மிளகளவு ஆனதும் குலைகளை ஒவ்வொன்றாக ஒரு கரைசலில் முக்கி எடுப்பார்கள். ஜிப்ரலிக் அமிலம், தோட்டத்தில் 'ஜி.ஏ.' என்றால் சிறுவனுக்கும் தெரியும். முக்கினால் காய் நீளும், பெருக்கும். விதை செய்யவேண்டிய வேலையை மருந்து செய்கிறது, ஏனென்றால் விதைதான் இல்லையே என்று அப்பா விளக்கினார். "ஆர்மோன்த்தா. செடிக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, நமக்கும் உண்டு." இவ்வளவு தெரிந்த அப்பா, நான் பூப்பெய்திய பிறகு ஒவ்வொரு மாதமும் மூன்று இரவுகள் நான் வெளித்திண்ணையில் சாக்குப்படுதாவுக்குப் பின்னால் படுத்திருந்தபோது அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. அதே காரணத்துக்காக அந்நாட்களில் நான் கொடியின் நிழலுக்கும் போகக்கூடாது, திராட்சை அழுகிவிடும். அதே தோட்டத்தில் கூலிக்கு வந்த பெண்களுக்கும் அந்த நாட்கள் வந்திருக்கும்தானே, அப்போது ஏன் அழுகவில்லை என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை. பின்னர் கேட்டேன். அம்மா சொன்ன பதில்: "அவுக சொல்ல மாட்டாக. சொன்னா கூலி போயிரும்ல."

அந்த மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். விழுங்குகிறவர்களிலேயே பலருக்கு இதை யாரும் சொன்னதில்லை. பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்குவது எளிது, வாய்க்காலும் மடையும் நமக்குப் பழக்கம். மாதத்தின் முதல் பாதியில் சினைப்பையில் வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. கருப்பையின் உள்வரி நாற்றங்கால்போல் தழைக்கிறது. முட்டை வெளியேறியதும், அது இருந்த பை மஞ்சள் நிறத் திரளாக மாறிப் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. தழைத்த உள்வரியைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக்கி உதிராமல் காப்பது இதுதான். கரு தங்காவிட்டால் அந்தத் திரளுக்கு ஆயுள் ஏறத்தாழ பதினான்கு நாள். அது வாடியதும் மடை அடைபட்டதுபோலச் சுரப்பு நின்றுபோகிறது. நீர் நின்ற பயிர் சரிகிறது. அதுதான் அந்த இரத்தம். கெட்ட இரத்தமும் அல்ல, கழிவும் அல்ல. வராத விருந்தாளிக்காக விரித்த மெத்தை. நோரெதிஸ்டிரோன் புரோஜெஸ்ட்ரோனின் செயற்கை உறவினன். உடலின் மடை அடைபட்ட பின்னும் இது வெளியிலிருந்து நீர்விட்டுக்கொண்டே இருக்கும். உள்வரி உதிராமல் காத்து நிற்கும். நிறுத்திய அன்று நாமே மடையை அடைக்கிறோம்.

இந்த மூலக்கூறு பிறந்தது 1951 அக்டோபர் 15ஆம் நாள், மெக்சிகோ நகரில், சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். கார்ல் ஜெராசியும் ஜார்ஜ் ரோசன்கிரான்ஸும் வழிநடத்திய ஆய்வில், கடைசிப் படியை முடித்தவர் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இருபத்தாறு வயது மாணவர். கருத்தடையோ, கோயில் திருவிழாவோ அவர்கள் மனத்தில் இல்லை. வாய்வழி உட்கொள்ளத்தக்க புரோஜெஸ்ட்ரோன் ஒன்று வேண்டும், மாதப்போக்குக் கோளாறுகளுக்கும் கருத் தங்காமைக்கும் உதவும் என்பதே எண்ணம். மூலப்பொருள் மெக்சிகோக் காடுகளில் விளைந்த ஒரு கிழங்கு. தாவரவியலார் அதை டயஸ்கோரியா என்கிறார்கள். வருசநாட்டு மலைகளில் பளியர்கள் தோண்டியெடுக்கும் வள்ளிக்கிழங்கின் இனம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த பெண் குழந்தையைத்தான் முருகன் மணந்தான் என்பது நம் கதை. முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் ஒடுங்கி நின்ற மகளிர் நினைவுக்கு வருகிறார்கள். இதற்கு மேல் நான் இதை இழுத்தால் மிகையாகும்.

மருந்து மலைக்கும் போயிற்று. இடுக்கி மாவட்டத்தில், மூணாறைத் தாண்டிய காட்டுக்குள் இடமலைக்குடி இருக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக்கப்பட்டது. அங்குள்ள முதுவர் பெண்கள், அரசு மலிவாகக் கொடுத்த மாலா-டி கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குகிறார்கள் என்று செய்திகள் வெளிவந்தன. கருத்தடைக்காக அல்ல, வாலாய்மைப்புரைக்குப் போகாமல் இருப்பதற்காக. மழையிலும் அட்டைக்கடியிலும் இருட்டுக் குடிலில் நாட்களை எண்ணிக் கிடப்பதைவிட ஒரு மாத்திரை எளிது. மாலா-டி அட்டையில் இருபத்தெட்டு வில்லைகள். இருபத்தொன்றில் லெவோநார்ஜெஸ்ட்ரலும் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும் இருக்கின்றன. மீதி ஏழு வெறும் இரும்புச்சத்து, அந்த ஏழு நாளில் உதிரம் வரவேண்டும் என்பதற்காக. வரக்கூடாது என்று நினைப்பவளுக்கு அந்த ஏழு எதற்கு? குடியில் பிள்ளைப்பேறே குறைந்துபோயிற்று என்ற கவலை பின்னர் எழுந்தது. படித்தவர்கள் அந்தப் பெண்களின் அறியாமையை நொந்துகொண்டார்கள். எனக்கு அதில் அறியாமை தெரியவில்லை. குடில் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தார்கள். மூன்றாவதை யாரும் அவர்கள் முன்னால் வைக்கவில்லை.

மலையை மட்டும் சொல்வானேன். மதுரை மாவட்டத்தில் கூவலப்புரமும் சுற்றியுள்ள சில ஊர்களும் முட்டு வீடு வைத்திருப்பதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி மரம் விழுந்து இறந்தாள். வீட்டுக்குள் படுத்திருந்தால் பிழைத்திருப்பாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் முட்டு வீடு கிடையாது. எங்களுக்கு நாகரிகம் வந்துவிட்டது, மாத்திரை இருக்கிறது. சபரிமலைக்குக் குமுளி வழியாகப் போகிற வாகனங்களின் சரணகோஷத்தோடுதான் எங்கள் மார்கழி விடியும். வீட்டில் ஓர் ஆண் மாலை போட்டுவிட்டால் நாற்பத்தொரு நாள். இருபத்தெட்டு நாளைக்கொருமுறை வருவது நாற்பத்தொரு நாளுக்குள் ஒருமுறையாவது வந்தே தீரும், சிலருக்கு இருமுறை. முன்பு பெண்கள் தாய்வீடு போவார்கள். அல்லது பக்கத்து வீட்டில் படுப்பார்கள். இப்போது பணிக்குப் போகிறவள் எங்கே போவாள்? மாத்திரை. பெண்ணால் நாற்பத்தொரு நாள் விரதம் காக்க முடியாது என்பது நீதிமன்றம் வரை சென்ற வாதங்களில் ஒன்று. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தடையை நீக்கியது. மாறுபட்ட அந்த ஒருவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதியான இந்து மல்கோத்ரா. 2019 நவம்பரில் அதில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்குச் சென்றன. இத்தனை வாதங்களுக்கு நடுவே எங்கள் ஊர்ப் பெண்கள், கணவனின் விரதம் கெடாமலிருக்கத் தங்கள் உடலில் நாற்பத்தொரு நாளையும் சத்தமில்லாமல் காத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரையை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறும் பெண்களில் ஒருத்தி, என் தெருக்காரி, "டீச்சரக்கா, அந்த மூணு நாளு வராம இருந்தா சாமியாக் கும்புடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஒதுங்க ஒரு மறைவில்லாத காட்டில் எட்டு மணி நேரம் குனிந்து காய் பறிக்கிறவளுக்கு நான் இயற்கையின் மாண்பைப் பற்றி என்ன சொல்ல? எப்போதாவது ஒருமுறை, மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்வதால் பெரும்பாலோருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. சிலருக்கு உண்டு. உள்ளே போன நோரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது. இரத்தம் உறையும் வாய்ப்புள்ள உடல்களுக்கு அது ஆகாது. அந்த உடல் எது என்று கத்தரிக்கோலோடு நிற்கும் கடைக்காரருக்குத் தெரியாது.

என் வீட்டில் அது தெரியவந்தது சென்ற ஆண்டு. மகளுக்குப் பத்தாம் வகுப்பில் டெங்குக் காய்ச்சல் கண்டு, நான்கு நாள் நினைவு தப்பித் தப்பி வந்தபோது, என் மாமியார் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: பிழைத்து எழுந்தால் அவள் கையால் அக்னிச்சட்டி. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு, சேர்க்கை என்று தள்ளிப்போயிற்று. சென்ற ஆண்டு பத்தொன்பது வயதில் அவளே எடுப்பதாகச் சொன்னாள். நாட்காட்டியைப் பார்த்தால் திருவிழாவுக்குள் வருகிறது. "மாத்திரை போட்டுக்கிறேம்மா, காலேஜ்ல எல்லாரும் போடுறதுதானே" என்றாள். மறுப்பு இல்லை, தயக்கம்கூட இல்லை. அவளுக்கு அந்தச் சட்டியை ஏந்த வேண்டும்.

தேனியில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட மூன்றாவது கேள்வி தலைவலி உண்டா என்பது. உண்டு. வருவதற்கு முன் கண்ணில் ஏதாவது தெரியுமா? தெரியும், பல்சக்கரம்போல் ஒளிக்கோடு அரை மணி நேரம் ஓடும், பிறகு ஒரு பக்கத் தலை பிளக்கும். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். இந்த வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும். அதன் நிழல் உள்ள மாத்திரையையும் ஒரு திருவிழாவுக்காகத் தரமாட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், "அப்ப மாத்திரை இல்லாமயே எடுக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அத்தை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்ல தாயி" என்றார்.

"தெரிஞ்சா என்ன அப்பத்தா? அவ என்னைக் காப்பாத்துனவதானே? காய்ச்சல்ல கெடந்தப்ப நான் சுத்தமா இருந்தனா அசுத்தமா இருந்தனான்னு பாத்தா காப்பாத்துனா?"

அத்தை பதில் சொல்லவில்லை. கீரை ஆய்ந்து முடித்து, தண்டுகளைக் கூட்டி முறத்தில் அள்ளியபின், "நான் எடுக்கிறேன். எனக்குத்தான் எந்த நாளும் நல்ல நாளு" என்றார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. முட்டிவலி, இரத்த அழுத்தம். மே மாத வெயிலில், எரிகிற சட்டியை ஏந்தி நடப்பது அந்த உடலுக்கு ஆகுமா என்று மகள் கத்தினாள். பத்தொன்பது வயதுக்காரிக்கு மாத்திரையின் ஆபத்தைக் கணக்கிட ஒரு மருத்துவர் இருந்தார். எழுபத்தொரு வயதுக்காரியிடம் தலைவலி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "போத்தா" என்றார்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்கு நாற்பத்தேழு. ஒரு பெண் பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் வரை முட்டைகளோடு பிறக்கிறாள் என்பார்கள். பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சம். அவற்றில் வெளிப்படுவது வாழ்நாளில் நானூறு போல. என் இருப்பு தீரும் பருவம். சில மாதங்களில் முட்டை வெளியேறுவதே இல்லை. முட்டை இல்லையென்றால் மஞ்சள் திரள் இல்லை, புரோஜெஸ்ட்ரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தன்போக்கில் உள்வரியை வளர்த்துக்கொண்டே போகும். மடை திறப்பாரும் அடைப்பாரும் இல்லாத வயல். எப்போது உடைப்பெடுக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் என் தேதியைக் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். எனக்கே தெரியாததை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

அக்னிச்சட்டி அன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு, நான்கு மாதங்களுக்குப் பிறகு, எனக்கு வந்தது.

கூடத்தில் அத்தை மஞ்சள் சேலையோடு தயாராக இருந்தார். சட்டி எடுப்பவருக்குக் கூடவே ஒருவர் நடக்கவேண்டும். தீ தணியாமல் விறகுச் சிம்பு போட, காலில் மஞ்சள் நீர் ஊற்ற, தடுமாறினால் தாங்க. அது நான் என்று முன்பே முடிவாகியிருந்தது. மகள் அந்த வாரம் விலகியிருந்தாள், வரவில்லை. என் கணவர் முந்தின இரவே பானைகளோடு போய்விட்டார். அத்தையைத் தனியே அனுப்ப முடியாது. குளித்தேன், சேலை மாற்றினேன், கிளம்பினேன். அத்தை இதைப் படிக்கப்போவதில்லை, மகள் படிப்பாள்.

முல்லையாற்றில் அத்தை மூழ்கி எழுந்தார். கரையில் சட்டி கொடுத்தார்கள். வேப்பிலைமேல் வைத்து ஏந்திக்கொண்டு, அந்தக் கூட்டத்தில், கொட்டுச் சத்தத்தில், பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தார். எனக்கு இடுப்பு விண்ணென்று வலித்தது. நாலு மாதத்து வெள்ளம், பயமாகவும் இருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மஞ்சள் சேலைகள். இவர்களில் எத்தனை பேர் மாத்திரையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் என்னைப்போல் சொல்லாமல் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முகங்களில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா முகமும் வேர்த்திருந்தது, எல்லாக் கண்ணும் தீயைப் பார்த்திருந்தது.

கோயில் வாசல் நெருங்கும்போது அத்தையின் கை நடுங்கத் தொடங்கியது. கீழேயிருந்து என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். கையை விலக்குவார் என்று நினைத்தேன்; ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. விலக்கவில்லை. பாரத்தை என் கைமேல் இறக்கிவிட்டு, "சிம்பு போடு, தீ அடங்குது" என்றார்.